யாருக்கும் தலைப்பிள்ளை இல்லை: கிளார்க் ஃபோர்க்லிஃப்ட் கைமாறிய கதை

1995-ல் அமெரிக்காவின் இங்கர்சால்-ராண்ட் நிறுவனம் கிளார்க் எக்விப்மென்ட் கம்பெனியைச் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கியது. கிடங்குத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கிளார்க் என்றால் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிதான். ஆனால் அந்த 150 கோடியில் ஒரு ஃபோர்க்லிஃப்ட்கூடக் கிடையாது. அந்தப் பிரிவை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1992-ல், கிளார்க் தனியாகக் கழற்றி விற்றிருந்தது. கிடைத்த விலை சுமார் 9 கோடி டாலர்.

ஒரு தொழிலையே தொடங்கி வைத்த நிறுவனம், அந்தத் தொழிலை இப்படி ஏன் கைகழுவியது? ஜப்பான்காரர்கள் மலிவாக வந்து அடித்துவிட்டார்கள் என்பது வழக்கமான பதில். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். ஜப்பான் போட்டி எல்லா அமெரிக்க நிறுவனங்களுக்கும் வந்தது. சிலர் தாங்கினார்கள், சிலர் விழுந்தார்கள். கிளார்க்கின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. இந்த வண்டி அதன் உரிமையாளர் எவருக்கும் நீண்ட நாள் தலைப்பிள்ளையாக இருக்கவில்லை. வேறு வேலைக்கு நடுவில் பிறந்தது. வேறு தொழில்களுக்குப் பணம் ஈட்டிக் கொடுத்தது. பிறகு வேறு கடன்களை அடைக்க விலை போனது.

புக்கானன்

மிச்சிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், செயின்ட் ஜோசப் ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர் புக்கானன். 1903-ல் சிகாகோவில் ஜார்ஜ் ஆர். ரிச் மேனுஃபேக்சரிங் என்ற பெயரில் தொடங்கிய ஒரு டிரில் கம்பெனி, அடுத்த ஆண்டே இங்கே குடிபெயர்ந்தது. ஆற்றில் அணை, அணையில் மின்சாரம், மின்சாரம் மலிவு. இரும்புத் தண்டவாளத்தில் துளை போடும் டிரில்தான் அவர்களுடைய சரக்கு. தொழில் தள்ளாடவே, பணம் போட்டிருந்த இல்லினாய் ஸ்டீல் வட்டாரத்து ஆட்கள் தங்களிடம் இருந்த எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஒருவரை அனுப்பி வைத்தார்கள். அவர் பெயர் யூஜின் பி. கிளார்க்.

கிளார்க் வந்த பிறகு டிரில் தொழில் நிமிர்ந்தது. செல்ஃபர் டூல் கம்பெனி என்று பெயர் மாறியது. பக்கத்திலேயே புக்கானன் எலக்ட்ரிக் ஸ்டீல் என்ற வார்ப்பாலை எழுந்தது. அமெரிக்காவில் லாரிகள் பெருகத் தொடங்கிய காலம் அது. லாரிக்கு ஆக்சில் வேண்டும், எஃகு வீல் வேண்டும். டிரில் செய்தவர்கள் ஆக்சிலுக்குள் இறங்கினார்கள். 1916-ல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகி கிளார்க் எக்விப்மென்ட் ஆனது.

அப்போது இவர்கள் முழு வண்டி எதையும் செய்யவில்லை. மற்றவர்களின் வண்டிக்கு உதிரிபாகம் செய்பவர்கள். இந்தக் குணம் கடைசிவரை போகவில்லை என்பது என் எண்ணம். ஆக்சில், டிரான்ஸ்மிஷன், கியர் என்றால் கிளார்க்கின் இன்ஜினியர்களுக்குக் கை தானாக ஓடியது.

1917-ல் ஆக்சில் பட்டறையில் ஒரு நடைமுறைச் சிக்கல். வார்ப்பு ஒரு கட்டடத்தில், கடைசல் இன்னொரு கட்டடத்தில். மணலும் வார்ப்புக் கட்டிகளும் நாள் முழுக்க அங்குமிங்கும் போக வேண்டும். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய ஆண்டு, ஆள் பற்றாக்குறை. பட்டறை ஆட்கள் தங்களிடம் இருந்த பாகங்களை வைத்தே மூன்று சக்கரத்தில் பெட்ரோல் இன்ஜின் பொருத்திய ஒரு சுமை வண்டியைக் கட்டிக்கொண்டார்கள். ட்ரக்டிராக்டர் என்று பெயர் வைத்தார்கள். விற்பதற்காகச் செய்ததல்ல. ஆக்சில் வாங்க வந்த வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் ஒன்று செய்து கொடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1919-ல் இதற்கென்றே கிளார்க் ட்ரக்டிராக்டர் கம்பெனி என்று தனியாக ஒன்றைத் தொடங்க வேண்டியதாயிற்று.

முதல் ஃபோர்க்லிஃப்ட் யாருடையது?

ட்ரக்டிராக்டரைத்தான் உலகின் முதல் ஃபோர்க்லிஃப்ட் என்று பலரும் எழுதுகிறார்கள். 2017-ல் நூற்றாண்டும் கொண்டாடியாயிற்று. ஆனால் சரக்குக்கு அடியில் நுழையும் இரும்பு நாக்குகளான ஃபோர்க் அந்த வண்டியில் கிடையாது, உயர்த்தும் லிஃப்டும் கிடையாது. சரக்கை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓட்டிப் போகலாம், அவ்வளவுதான். அதையே கணக்கில் எடுத்தால் 1906-லேயே பென்சில்வேனியா ரயில்வே அல்டூனா நிலையத்தில் பேட்டரியில் ஓடும் லக்கேஜ் வண்டியை விட்டிருக்கிறது. பூட்டுக்குப் பேர்போன யேல் அண்ட் டவுன் கம்பெனிக்காரர்களைக் கேட்டால், 1923-ல் ஃபோர்க்கும், அது ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டமான மாஸ்டும் சேர்ந்த மின்சார வண்டியை முதலில் செய்தது நாங்கள்தான் என்பார்கள்.

என்னைக் கேட்டால் இந்தச் சண்டையில் யாரும் முழுசாக ஜெயிக்க மாட்டார்கள். சுமப்பது, தூக்குவது, உயரத்தில் வைப்பது என்ற மூன்று வேலைகளும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல பட்டறைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே வண்டிக்குள் வந்து சேர்ந்தன. கிளார்க்கின் உண்மையான பங்கு பெட்ரோல் இன்ஜினையும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கையும் ஒன்றாகக் கோத்தது. 1920-ல் ட்ரக்லிஃப்ட் என்ற வண்டி சரக்கைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தியது. பிறகு டுவாட் என்ற இழுவை வண்டியில் முன்பக்கம் ஃபோர்க் ஏறியது. 1928-ல் வந்த ட்ரக்டையர், எண்ணெய் அழுத்தத்தால் சரக்கை உயரத்துக்கு ஏற்றி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. இன்றைய ஃபோர்க்லிஃப்ட்டின் முகஜாடை அதில்தான் தெரிகிறது.

அந்த முகஜாடை ஏன் இத்தனை ஆண்டுகளாக மாறவில்லை என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முன்சக்கரம்தான் அச்சுப்புள்ளி. அதற்கு முன்னால் சரக்கு, பின்னால் இன்ஜினும் ஒரு பெரிய இரும்புக் கட்டியும். சரக்கு முன்னால் இழுக்க, இரும்பு பின்னால் இழுக்கிறது. முன்சக்கரம் பாரத்தைத் தாங்கி நிற்பதால் திருப்பும் வேலை பின்சக்கரத்துக்குப் போகிறது. ஒடுக்கமான சந்தில் வண்டி சட்டென்று சுழல்வது அதனால்தான். மாஸ்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஹைட்ராலிக் தண்டு ஃபோர்க்கை நேராகத் தூக்குவதில்லை. உள்சட்டத்தை அது தள்ளுகிறது. சட்டத்தின் தலையில் உள்ள உருளையில் சங்கிலி ஓடுகிறது. சங்கிலியின் ஒரு முனை அசையாத பகுதியிலும் மறுமுனை ஃபோர்க்கிலும் கட்டப்பட்டிருக்கிறது. தண்டு 1 அடி ஏறினால் ஃபோர்க் 2 அடி ஏறும். குட்டையான தண்டை வைத்து உயரமாக அடுக்க முடிவது இப்படித்தான்.

ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் பார்வையில் படும்படி, எவ்வளவு தூக்கும் என்று சொல்லும் ஒரு தகடு அடித்திருப்பார்கள். 2 டன் வண்டி என்றால் எப்போதும் 2 டன் தூக்கும் என்று பொருளல்ல. சரக்கின் எடை மையம், ஃபோர்க் வண்டியோடு சேரும் அடியிலிருந்து 500 மி.மீ. தூரத்துக்குள் இருந்தால்தான் 2 டன். முன்சக்கர மையத்திலிருந்து ஃபோர்க்கின் அடிவரை 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீளமான ஒரு பெட்டியை ஏற்றும்போது எடை மையம் 750 மி.மீ.க்குத் தள்ளிப் போனால், அதே வண்டி பாதுகாப்பாகத் தூக்கக்கூடியது 1,565 கிலோதான். பெட்டியின் எடை கூடவில்லை, நீளம்தான் கூடியது. கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இதை நம்புவதற்குக் கொஞ்ச நாளாகும்.

போர் செய்த விளம்பரம்

1938-ல் வந்த கார்லோடர் என்ற மாடல் கிளார்க்கின் தலையெழுத்தை மாற்றியது. ரயில் சரக்குப் பெட்டிக்குள்ளேயே நுழைந்து திரும்பும் அளவுக்குச் சின்ன வண்டி. இதற்குள் ஃபோர்க்லிஃப்ட் தயாரிப்பு மிச்சிகனிலேயே பேட்டில் கிரீக் என்ற ஊருக்குப் போயிருந்தது. அது காலை உணவுத் தானியத்துக்குப் பெயர் பெற்ற கெல்லாக்ஸ் கம்பெனியின் ஊர்.

அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர். அமெரிக்கா தன் படைகளுக்கு வேண்டிய அரிசி முதல் குண்டுவரை எல்லாவற்றையும் இரண்டு பெருங்கடல்களைத் தாண்டி அனுப்ப வேண்டியிருந்தது. மூட்டை மூட்டையாக ஆள் சுமந்து ஏற்றினால் கப்பல் துறைமுகத்திலேயே பல நாள் நிற்கும். ராணுவமும் கடற்படையும் பேலட்டுக்கு மாறின. சரக்கு தொழிற்சாலையிலேயே மரப் பலகைத் தட்டின் மேல் ஏறியது; அதன் பிறகு கிடங்கு, ரயில், துறைமுகம் என எல்லா இடத்திலும் தட்டோடுதான் நகர்ந்தது. பேலட்டும் ஃபோர்க்லிஃப்ட்டும் ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. அமெரிக்கப் படைகள் வாங்கிய ஃபோர்க்லிஃப்ட்களில் பெரும்பகுதி கிளார்க் செய்தவை. பசிபிக் தீவுகளிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான சிப்பாய்கள் இந்த வண்டியை முதன்முறையாகப் பார்த்தார்கள், ஓட்டினார்கள். ஊருக்குத் திரும்பித் தங்கள் தொழிற்சாலையில் அதையே கேட்டார்கள். எந்த விளம்பரக் கம்பெனியாலும் செய்துதர முடியாத வேலை அது.

படைகள் போட்டுவிட்டுப் போன சரக்கிலிருந்துகூடப் புதுத் தொழில்கள் பிறந்தன. ஆஸ்திரேலியாவில் அமெரிக்கர்கள் விட்டுச் சென்ற ஃபோர்க்லிஃப்ட், கிரேன், பேலட் எல்லாவற்றையும் அரசு ஒரு பொதுத் தொகுப்பாக வைத்து வாடகைக்கு விட்டது. பின்னாளில் தனியார் கைக்குப் போன அந்தத் தொகுப்புதான் இன்று உலகம் முழுக்க நீல நிறப் பேலட்டை வாடகைக்கு விடும் செப் நிறுவனம். அந்தப் பெயரே அன்றைய அரசுத் தொகுப்பின் முதலெழுத்துகள்தான்.

கிளார்க் அந்தக் காலத்தில் ஃபோர்க்லிஃப்ட்டோடு நிற்கவில்லை. விமானத்தில் ஏற்றிப் போகும் அளவுக்குச் சிறிய புல்டோசர் ஒன்றையும் படைகளுக்குச் செய்து கொடுத்தது. போருக்கு முன்பும் இதே கதைதான். 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் அலுமினியத்தால் செய்த ஆட்டோடிராம் என்ற ரயில் வண்டியைக் காட்டினார்கள். 1936-ல் நியூயார்க்கின் புரூக்ளினுக்கு நூறு புதுவகை டிராம்கள் வாங்கப்பட்டபோது, 99 செயின்ட் லூயிஸ் கார் கம்பெனியுடையது. ஒன்றே ஒன்று, 1000 எண் கொண்ட அலுமினிய டிராம், கிளார்க் செய்தது. இன்னொரு டிராமைக் கிளார்க்கிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் மற்றவர்கள் செய்த டிராம்களுக்குச் சக்கரச் சட்டங்கள் செய்துகொடுத்து நன்றாகவே சம்பாதித்தார்கள். மறுபடியும் உதிரிபாகம்தான்.

யூஜின் கிளார்க் 1942-ல் இறந்தார்.

கொழுத்த காலம்

போருக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகள் கிளார்க்குக்கு ராஜ வாழ்க்கை. உலகச் சந்தையில் முதலிடம். ஐரோப்பாவில் ஆலைகள், பல நாடுகளில் தொழில்நுட்ப ஒப்பந்தங்கள். நம் ஊர்க் கதையும் இங்கேதான் ஒட்டுகிறது. 1960-களில் மும்பை விக்ரோலியில் கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் ஃபோர்க்லிஃப்ட் செய்ய இறங்கியபோது, தொழில்நுட்பம் கொடுத்தது கிளார்க். பீரோவுக்கும் பூட்டுக்கும் பெயர் போன கம்பெனி ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் பெயர் பெற்றது அந்தக் கூட்டில்தான். பூட்டுக்காரர்களுக்கும் இந்த வண்டிக்கும் என்ன பொருத்தமோ தெரியவில்லை. அமெரிக்காவில் யேல், இங்கே கோத்ரெஜ்.

இந்த வளமான காலத்தில் வந்த லாபம் எங்கே போனது என்று பார்த்தால்தான் பின்னால் வந்த சரிவு புரியும். 1953-ல் மிச்சிகன் பவர் ஷவல் கம்பெனியை வாங்கி மண் அள்ளும் எந்திரத் தொழிலில் இறங்கினார்கள். 1958-ல் லாரி டிரெய்லர் கம்பெனி. 1963-ல் டைலர் ரெஃப்ரிஜரேஷன். அதாவது சூப்பர் மார்க்கெட்டில் பாலும் ஐஸ்கிரீமும் வைக்கும் குளிர்பெட்டி. 1969-ல் பாப்கேட் என்ற சின்ன லோடரைச் செய்த வட டகோட்டாவின் மெல்ரோ கம்பெனி. இவற்றில் பாப்கேட் அருமையான முடிவு, அதில் சந்தேகமில்லை. குளிர்பெட்டி எதற்கு என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பல தொழில் இருந்தால் ஒன்று விழும்போது இன்னொன்று தாங்கும் என்பது அக்காலத்து அமெரிக்க நிர்வாகிகள் எல்லோரும் ஒப்பித்த பாடம்.

இதே நேரத்தில் ஓஹியோ மாநிலத்தின் நியூ பிரமன் என்ற குக்கிராமத்தில், டிவி ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார் செய்துகொண்டிருந்த கிரவுன் என்ற குடும்பக் கம்பெனி 1950-களின் பின்பாதியில் சின்னதாக லிஃப்ட் டிரக் செய்யத் தொடங்கியது. ஜப்பானில் டொயோடா 1956-ல் எல்ஏ என்ற முதல் ஃபோர்க்லிஃப்ட்டை வெளியிட்டது. 1967-ல் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. ஹாம்பர்க்கில் யுங்ஹைன்ரிஷ் 1953-ல் தொடங்கியிருந்தது. இவர்கள் யாரையும் கிளார்க் அப்போது போட்டியாக நினைத்திருக்க வாய்ப்பே இல்லை.

1983: ஒரு சீட்

கிளார்க்கின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

ஃபோர்க்லிஃப்ட் கவிழும்போது ஓட்டுநர் செத்துப்போவது பெரும்பாலும் கவிழ்வதால் அல்ல, குதிப்பதால். வண்டி சாய்கிறது என்று தெரிந்த நொடியில் உடம்பு தானாக வெளியே பாய்கிறது. சாயும் பக்கமே பாய்கிறது. தலைக்கு மேல் சரக்கு விழாமல் காக்க வைத்திருக்கும் இரும்புக் கூரை, குதித்தவரின் மேலேயே வந்து விழுகிறது. உயிரைக் காக்க வைத்த சட்டமே உயிரை எடுக்கிறது.

வண்டி எப்போது சாயும் என்பதும் நாம் நினைப்பதற்கு நேர்மாறு. இரண்டு முன்சக்கரங்களும், பின் ஆக்சில் நடுவில் ஊசலாடும் புள்ளியும் சேர்ந்து ஒரு முக்கோணம். வண்டியின் எடை மையம் அதற்குள் இருக்கும்வரை பயமில்லை. தாழ்வாகச் சரக்கு ஏற்றிய வண்டியில் எடை மையம் முன்னால், முக்கோணத்தின் அகலமான பக்கத்தில் இருக்கும். சரக்கை இறக்கிவிட்டால் அது பின்னால், ஒடுங்கிய முனைக்குப் போய்விடுகிறது. அங்கே இரண்டு பக்கமும் இடம் குறைவு. ஆகவே வேலை முடிந்தது, வண்டி காலி என்று வேகமாகத் திருப்பும் ஓட்டுநர்தான் பக்கவாட்டில் கவிழ்க்கிறார். சாப்பாட்டு மணி அடித்ததும் காலி ஃபோர்க்லிஃப்ட்கள் எப்படிப் பறக்கும் என்று கிடங்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிளார்க்கின் இன்ஜினியர்கள் கண்ட தீர்வு ஒரு சீட். இரண்டு பக்கமும் இடுப்பையும் தோளையும் அணைக்கும்படி சிறகு போன்ற பக்கங்கள், கூடவே பெல்ட். கவிழ்ந்தாலும் ஓட்டுநர் கூண்டுக்குள்ளேயே இருப்பார். கூரைச் சட்டம் தரையில் மோதும், அவர் மேல் மோதாது. 1983-ல் இதை அறிமுகம் செய்தார்கள். அதோடு, அந்தக் காப்புரிமையைப் போட்டி நிறுவனங்கள் கட்டணம் எதுவும் இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள்.

இதில் தாராள மனசு மட்டும்தான் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் எந்திர விபத்து வழக்குகள் உற்பத்தியாளர்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தன. தன் வண்டியில் மட்டும் பெல்ட் இருந்து, மற்றவர்கள் அது தேவையில்லை என்று சாட்சி சொன்னால் வழக்கில் குழப்பம் வரும். எல்லோரும் போட்டுவிட்டால் அதுவே தொழிலின் வழக்கம் ஆகிவிடும். வக்கீலின் யோசனையும் இன்ஜினியரின் மனசாட்சியும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான சமயம் என்று வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் இன்று டொயோடாவில் உட்காருங்கள், ஹைஸ்டரில் உட்காருங்கள், கோத்ரெஜில் உட்காருங்கள், பெல்ட் இருக்கிறது. சந்தையில் முதலிடம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த வேளையில் செய்த வேலை இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கொரியா முதல் தடவை

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொருளாதார மந்தம். டாலர் விலை ஏறிக் கிடந்தது. ஜப்பான் வண்டிகள் விலையிலும் குறைவு, பழுதும் குறைவு. கிளார்க் நட்டத்தில் விழுந்தது. பேட்டில் கிரீக் ஆலை மூடப்பட்டது. மிச்சிகனில் இருந்த மற்ற ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தலைமையகம் புக்கானனை விட்டுப் பக்கத்து இண்டியானாவின் சவுத் பெண்டுக்குப் போனது. ஃபோர்க்லிஃப்ட் பிரிவு கென்டக்கியின் லெக்சிங்டன் பக்கம் ஒதுங்கியது. அதே லெக்சிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில்தான் டொயோடா தன் பெரிய அமெரிக்கக் கார் ஆலையைக் கட்டி 1988-ல் கேம்ரி ஓட்ட ஆரம்பித்தது. அமெரிக்க மண்ணில், அமெரிக்கத் தொழிலாளிகளை வைத்து, லாபத்தோடு எந்திரம் செய்ய முடியாது என்ற வாதம் அந்தப் பக்கத்து ஊரிலேயே பொய்த்தது.

கிளார்க் வேறு வழியை எடுத்தது. தென்கொரியாவின் சாம்சங்கோடு கைகோத்து, சின்ன வண்டிகளை அங்கே செய்து வாங்கிக்கொண்டது. கேட்டர்பில்லர் இதேபோல் இன்னொரு கொரிய நிறுவனமான டேவூவிடம் போனது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான ஹைஸ்டர் வாஷிங்டனில் வழக்குப் போட்டது. ஜப்பான் நிறுவனங்கள் அடக்க விலைக்கும் கீழே விற்கின்றன என்ற புகார் ஏற்கப்பட்டு, 1988-ல் ஜப்பான் ஃபோர்க்லிஃப்ட்கள் மீது தண்டவரி விழுந்தது. சில நிறுவனங்களுக்கு அது 50 சதவீதத்தைத் தாண்டியது. டொயோடா என்ன செய்தது? இண்டியானாவின் கொலம்பஸ் நகரில் ஆலை கட்டி 1990-ல் அங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. வரிச் சுவர் எழுந்த இரண்டே ஆண்டில் ஜப்பான்காரர் சுவருக்கு உள்ளே வந்துவிட்டார்.

மலிவான இடத்தில் செய்து வாங்குவது தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் கிளார்க்கின் பலமே பட்டறையில் இருந்தது. ஆக்சில் கடைந்த ஆட்கள் தங்கள் சிரமத்துக்குத் தீர்வாகச் செய்த வண்டி அது. செய்கிறவனும் பயன்படுத்துகிறவனும் ஒரே கூரையின் கீழ் இருந்தான். செய்கை கடல் கடந்த பிறகு, கற்றுக்கொள்வதும் கடல் கடந்தது. பத்து ஆண்டுகளில் சாம்சங்குக்கு முழு வண்டி செய்யத் தெரிந்துவிட்டது.

கைக்குக் கை

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக. 1984-ல் யூக்ளிட் என்ற பெரிய டம்பர் லாரித் தொழிலை டைம்லர்-பென்ஸிடமிருந்து கிளார்க் வாங்கியது. 1985-ல் அதையும் தன் மண் அள்ளும் எந்திரத் தொழிலையும் வோல்வோவோடு சேர்த்து விஎம்இ என்ற கூட்டு நிறுவனம் ஆக்கியது. 1992-ல் ஃபோர்க்லிஃப்ட் பிரிவை டெரக்ஸ் என்ற அமெரிக்க எந்திரக் கம்பெனி வாங்கியது. 1995-ல் விஎம்இ-யில் தன் பாதியை வோல்வோவுக்கே கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த பாப்கேட் உள்ளிட்டவற்றோடு கிளார்க் எக்விப்மென்ட் இங்கர்சால்-ராண்டுக்குள் கரைந்தது.

டெரக்ஸ் நான்கே ஆண்டுகள் வைத்திருந்தது. 1996-ல் சுமார் 14 கோடி டாலருக்கு சிட்டி வங்கிக் குழுமத்தின் முதலீட்டுக் கையான சிட்டிகார்ப் வெஞ்சர் கேபிடல் ஆட்களிடம் கொடுத்தது. வாங்குவதற்குத் திரட்டிய பணத்தின் பெரும்பகுதி 10 சதவீதத்துக்கு மேல் வட்டி கொண்ட கடன் பத்திரங்கள். அந்தக் கடனை வாங்கியவர்கள் சுமக்கவில்லை. வாங்கப்பட்ட கம்பெனியின் தலையில் ஏறியது. புது மாடலுக்கும் புது ஆலைக்கும் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போனது. 1998-ல், ஆசிய நிதி நெருக்கடியில் சாம்சங் தன் எந்திரத் தொழில்களை விற்றபோது, அதன் ஃபோர்க்லிஃப்ட் தொழிலைக் கிளார்க் வாங்கியது. அதே ஆண்டு, அதே சாம்சங்கின் மண் அள்ளும் எந்திரத் தொழிலை வாங்கியது வோல்வோ. கிளார்க்கின் இரண்டு பாதிகளும் தனித்தனியாகச் சுற்றி வந்து ஒரே கொரிய நிறுவனத்தின் இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டன.

2000-ல் அந்த ஃபோர்க்லிஃப்ட் கம்பெனி, கிளார்க் மெட்டீரியல் ஹேண்ட்லிங், திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஃபோர்க்லிஃப்ட் தேவை குறைந்துவிடவில்லை. வட்டி கட்ட முடியவில்லை.

தொப்பிக்காரர்

2003-ல் வாங்க வந்தவர் தென்கொரியாவின் யங் அன் ஹேட் கம்பெனியின் தலைவர் பேக் சங்-ஹாக். பெயரிலேயே இருப்பதுபோல் அது தொப்பிக் கம்பெனி. கொரியப் போரில் குடும்பத்தைப் பிரிந்து, அமெரிக்க ராணுவ முகாமில் எடுபிடியாக வளர்ந்த சிறுவன் அவர். 1959-ல் சோல் நகரில் சின்ன அளவில் தொப்பி வியாபாரம் தொடங்கி, பிறகு அமெரிக்கச் சந்தைக்குப் பேஸ்பால் தொப்பிகள் அனுப்பி உலகின் பெரிய தொப்பி உற்பத்தியாளர்களில் ஒருவர் ஆனவர். ஏறக்குறைய அதே காலத்தில் டேவூவின் பஸ் தொழிலையும் வாங்கினார்.

தொப்பி தைப்பவருக்கு ஃபோர்க்லிஃப்ட்டில் என்ன தெரியும் என்று தொழிலில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அவருக்கு முன்பு இருந்த இரண்டு உரிமையாளர்களும் நான்கு ஆண்டு அளவில் நகர்ந்துவிட்டார்கள். தொப்பிக்காரர் கையில் இருபது ஆண்டுகள் தாண்டியும் கம்பெனி இருக்கிறது. கொரியாவில் தயாரிப்பு நடக்கிறது, சீனாவிலும் வியட்நாமிலும் ஆலைகள் வந்தன, ஐரோப்பியத் தலைமை ஜெர்மனியில் ஓடுகிறது, எஸ் சீரிஸ் என்று புது வண்டிகள் இறங்கியிருக்கின்றன. குடும்ப நிறுவனம் காலாண்டுக் கணக்குக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

என் வாதத்துக்கு எதிராக ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். டொயோடா இண்டஸ்ட்ரீஸ் தறி செய்யத் தொடங்கிய கம்பெனி. அங்கேயும் ஃபோர்க்லிஃப்ட் பக்கவாட்டில் வந்த தொழில்தான். ஆக, பிறப்பில் இரண்டாம் இடம் என்பதால் மட்டும் எதுவும் கெட்டுவிடுவதில்லை. வித்தியாசம் அடுத்து என்ன செய்தார்கள் என்பதில். டொயோடா 2000-ல் ஸ்வீடனின் பிடி நிறுவனத்தை வாங்கி, கிடங்கு வண்டிகளில் தன் ஓட்டையை அடைத்துக்கொண்டது. இன்று அந்த நிறுவனத்தின் வருமானத்தில் மிகப் பெரிய பங்கு சரக்கு கையாளும் தொழிலிலிருந்து வருகிறது. கிரவுன் தன் வண்டிக்கான மோட்டார்வரை பெரும்பாலான பாகங்களைத் தானே செய்கிறது. இன்னும் அதே குடும்பத்தின் கையில், அதே நியூ பிரமனில். இவர்கள் லாபத்தை வண்டிக்குள்ளேயே திருப்பிப் போட்டார்கள். கிளார்க் குளிர்பெட்டியில் போட்டது.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை மிச்சம் இருக்கிறது. இங்கர்சால்-ராண்ட் 2007-ல் பாப்கேட்டைக் கொரியாவின் டூசானுக்கு விற்றது. பழைய கிளார்க் எக்விப்மென்ட் கம்பெனி என்ற சட்டப் பெயர் பாப்கேட்டோடு சேர்ந்து டூசான் வீட்டுக்குப் போனது. டூசானிடம் ஏற்கனவே டேவூ வழி வந்த ஃபோர்க்லிஃப்ட் தொழில் இருந்தது. அது இப்போது பாப்கேட் என்ற பெயரிலேயே வண்டி விற்கிறது. அதாவது பழைய கம்பெனியின் பதிவுப் பெயர் போய்ச் சேர்ந்த குடும்பமும், கிளார்க் என்ற பச்சை வண்டியை விற்கும் தொப்பிக் குடும்பமும் ஒரே நாட்டில் ஒரே சந்தையில் போட்டியாளர்கள்.

முதல் வரிசையில் இன்று கிளார்க் இல்லை. டொயோடா, கியோன், யுங்ஹைன்ரிஷ், மிட்சுபிஷி லாஜிஸ்நெக்ஸ்ட், கிரவுன், ஹைஸ்டர்-யேல் ஆகியோரைத் தாண்டி, சீனாவின் ஹெலியையும் ஹாங்சாவையும் எண்ணிய பிறகுதான் அதன் முறை வருகிறது. லித்தியம் பேட்டரி வண்டிகளில் சீனர்கள் வைக்கும் விலை, 1980-களில் ஜப்பானியர் வைத்த விலையைப் போலவே மற்றவர்களை உலுக்குகிறது. இந்தத் தடவை மலிவாகச் செய்ய கிளார்க்குக்குக் கொரியா போதாது. அதனால்தான் வியட்நாமில் ஆலை.